கிளிப்பில் தொங்கிய மெட்டுகள்

எங்கள் அண்ணி போட்ட மெட்டை நீங்கள் கண்டிப்பாகக் கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டுத் திட்டியும் இருப்பீர்கள். பெரிய ஆபீஸ்களுக்குப் போன் போட்டால் "காத்திருக்கவும்" என்று சொல்லிவிட்டு, ஒரு மெட்டை ஓடவிட்டு நம் கழுத்தை அறுப்பார்களே, அதில் இரண்டு மூன்று அண்ணியுடையது. ஒரு பற்பசை விளம்பரம், பஸ் நிலையத்தில் அறிவிப்புக்கு முன்னால் வரும் டிங் டாங், இப்படி நிறைய. எதிலும் பேர் வராது. "டிங் டாங்குக்கெல்லாம் யாருடி பேர் போடுவாங்க?" என்று அண்ணியே சிரிப்பார்.

ஒரு நாள் மட்டும் சிரிக்கவில்லை. கேஸ் ஆபீசுக்குப் போன் போட்டு, ஆள் வராமல், நான் கொதித்துப் போயிருந்த நேரம் அது. "உங்க பாட்டையே கேட்டுக் கேட்டு காதுல ரத்தம் வராத குறை அண்ணி" என்று சொல்லித் தொலைத்தேன். அண்ணி கையில் இருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "எரிச்சல்ல இருக்கறவங்களுக்குன்னே நான் பாட்டுப் போடுறேன், இல்ல? இத்தனை வருஷமா இதைத்தான் பண்ணியிருக்கேன்" என்றார். என் வாயை நானே தைத்திருக்கலாம். தையல்காரிதானே நான்.

கீழ்த்தளத்தில் என் கடை. பேன்ட் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கல்யாணத்துக்குள் பெருத்துவிட்டவர்களுக்கு உடுப்பைப் பிரித்துவிடுவது என்று சில்லறை வேலைகள். மூன்றாம் மாடியில் அண்ணனும் அண்ணியும். லிஃப்ட் என்று ஒன்று இருக்கிறது, பெயருக்கு. அண்ணன் மருந்துக் கம்பெனியின் குடோனில் பொறுப்பாளர். எந்தப் பெட்டி எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். வீட்டில் ஸ்பூன்கள்கூட ஒரே பக்கம் பார்த்துத்தான் படுத்திருக்க வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் அவன் பேரே குடோன்தான்.

இந்தக் குடோனுக்கு வாய்த்த அண்ணியோ அப்படியே எதிர். மெட்டு எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. வந்த இடத்திலேயே, கையில் கிடைத்த தாளில் ஸ்வரங்களைக் கிறுக்கி, துணி காயப்போடும் கிளிப்பால் அங்கேயே மாட்டிவிடுவார். ஜன்னல் திரையில் ஒன்று, குளியலறைக் கம்பியில் ஒன்று, அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் ஒன்று. தாளில் தலைப்பு இருக்காது, வேகம் இருக்காது, எந்த வேலைக்கு என்றுகூட இருக்காது. "அடுப்புக்கிட்ட வந்த மெட்டை அடுப்புக்கிட்டயே நின்னு பாடிப் பார்த்தாதான் அது வேகமா மெதுவான்னு எனக்கு ஞாபகம் வரும்" என்பார். வெளியாள் பார்த்தால் குப்பை. அண்ணிக்கு வீடே பீரோ.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நாடக வேலை வந்தது. ஒரு முழு நாடகத்துக்கும் இசை. போஸ்டரில் பேர். ஒத்துக்கொண்ட அன்று அண்ணி என் கடைக்கு இறங்கி வந்து, வாடிக்கையாளர் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டார். கடைசிக் காட்சியில் வசனமே கிடையாதாம். வெளியே போன ஒருத்தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான், உள்ளே ஒருத்தி காத்திருக்கிறாள், அவ்வளவுதான். அதை இசைதான் சொல்ல வேண்டும். "இது மட்டும் சரியா வந்துடுச்சுன்னா, நான் எதுக்குப் பாட்டுப் போட வந்தேன்னு எனக்கே தெரிஞ்சுடும்டி" என்றார்.

வாரங்கள் ஓடின. வீடு முழுக்கத் தாள் தொங்கியது. தலை நிமிர்ந்தால் தாள் இடித்தது. ஒரு சனிக்கிழமை ஒத்திகைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒண்ணும் ஒழுங்கா இல்லைங்க, தலையே வெடிச்சிடும் போல இருக்கு" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். மனுஷி சும்மா புலம்பியது. கேட்டவன் யார்? குடோன்!

சாயங்காலம் அண்ணி திரும்பியபோது நானும் கூடவே மேலே ஏறினேன். கதவைத் திறந்தால் வீடு பளபளவென்று இருக்கிறது. எங்கேயும் ஒரு தாள் இல்லை. மேசை மேல் மூன்று புத்தம்புது ஃபைல்கள். ஒன்றில் "சிறியது", ஒன்றில் "நடுத்தரம்", ஒன்றில் "பெரியது" என்று லேபிள். தாளின் அளவை வைத்துப் பிரித்திருக்கிறான் மகராசன்! பக்கத்தில் கிளிப்புகள் நிறவாரியாக ஒரு டப்பாவில். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவன் மாதிரி நின்றான்.

"எப்படி இருக்கு? இனிமே ஒரு தாளுக்காகத் தேட வேணாம்மா."

அண்ணி திட்டியிருந்தால் பரவாயில்லை. ஃபைலைத் திறந்தார். ஒரு தாளை எடுத்து முணுமுணுத்துப் பார்த்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, "எது எங்க இருந்துதுன்னு தெரியலையே. எல்லாம் வெறும் ஸ்வரமா இருக்கு" என்றார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, விழவில்லை.

அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. நான் விடுவேனா? "அண்ணே, உனக்கு அறிவிருக்கா? மாத்திரைப் பெட்டியா இது அடுக்கி வைக்க? அவங்க ஒரு வார்த்தை சொன்னா போதுமே, உடனே லேபிள் ஒட்டக் கிளம்பிடுவியே!" என்று பொரிந்து தள்ளினேன். "எங்கெங்க எடுத்தேன்னாவது சொல்லித் தொலை."

"மொத்தமா ஒரு கூடையில அள்ளிட்டேன். அப்புறம்தான் பிரிச்சேன்." டப்பாவில் இருந்த கிளிப்புகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

வெள்ளிக்கிழமை நாடகக்காரரிடம் எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டும். அண்ணி போனைக் கையில் எடுத்தார். "வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லிடுறேன். எனக்கு டிங் டாங்தான் விதிச்சிருக்கு." போனை அவர் கையிலிருந்து பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். மரியாதை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

போனைப் பிடுங்கின வேகத்தில் ஒரு தாள் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால் மூலையில் எண்ணெய்க் கறை. கறை விஷயத்தில் என் கண் தப்பாது, பிழைப்பு அப்படி. "இது அடுப்புக்கிட்ட இருந்தது அண்ணி. தெறிச்சிருக்கு பாருங்க" என்றேன். அண்ணி எழுந்து அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றார். பாடினார். முதலில் தடுமாற்றம். பிறகு கரண்டியைத் தட்டுவது போல வேகம் பிடித்தது. "ஆமாடி! சந்தைக் காட்சி இது!"

அன்று ராத்திரியும் மறுநாள் காலையும் அதே வேலை. ஈரத்தில் சுருங்கிய தாள் குளியலறை. வெயிலில் மஞ்சளானது ஜன்னல். தூசி படிந்தது புத்தக அலமாரி. அண்ணன் தாளை மூக்கில் வைத்து வைத்து முகர்ந்தான். "இதுல சோப்பு வாசனை வருதும்மா" என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தான். அந்தந்த இடத்தில் அவனே கிளிப்பும் போட்டான். வீட்டைப் பாழாக்கும் வேலையை இவ்வளவு பயபக்தியோடு செய்த ஆளை நான் பார்த்ததில்லை. பாடிப் பாடி அண்ணிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆனால் முகத்தில் ரத்தம் வந்துவிட்டது.

ஞாயிறு மத்தியானம் ஒரே ஒரு தாள் மிஞ்சியது. கறை இல்லை, வாசனை இல்லை, தூசி இல்லை. சலவைக்குப் போய்வந்தது போலச் சுத்தம்.

"இதுதான் கடைசிக் காட்சி. வாசல் பக்கம் எங்கயோ அவசரமா மாட்டினேன்" என்றார் அண்ணி. வாசலில் நின்று பாடினார், வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று பாடினார், வரவில்லை. கீபோர்டில் வாசித்தார். கீழிருந்து மேலே போகும் ஸ்வரங்கள். நடுவில் ஒரு நீளமான கோடு. கோடு இருந்தால் அங்கே சத்தமே வரக்கூடாது என்று கணக்கு. அதற்கப்புறம் மெட்டு மறுபடி மேலே ஏறுகிறது.

"நல்லா ஏறிக்கிட்டே இருக்கிற மெட்டு, நடுவுல ஏன் நிக்குது? இவ்வளவு நீளமா கோடு ஏன் போட்டேன்? தப்பா எழுதிட்டேனோ?" கோட்டை அடிக்கப் பேனாவை எடுத்துவிட்டார்.

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்காமல் சொன்னான். "அது என் சட்டையில இருந்தது."

"எந்தச் சட்டை?"

"வேலைக்குப் போற சட்டை. கதவுக்குப் பின்னாடி மாட்டியிருக்குமே. பாக்கெட்டுல. காத்துல பறந்து வந்து ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்."

"காத்து வந்து கிளிப்பும் போட்டுட்டுப் போச்சாக்கும்!" என்றேன் நான். "அப்பவே அண்ணிகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உங்க அண்ணி பாட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அதான் அவ ஏதோ தப்பா மாட்டிட்டாளோன்னு விட்டுட்டேன்."

அண்ணி பேனாவைக் கீழே வைத்தார். சிரித்தார், சிரிக்கும்போதே அதுவரை நின்ற தண்ணீர் விழுந்தது.

"நீங்கதாங்க இது. தினம் சாயங்காலம் நீங்க படி ஏறி வர்ற சத்தம். ரெண்டாவது மாடியில நிப்பீங்களே, அதுதான் இந்தக் கோடு."

அண்ணன் மடித்த துண்டை மறுபடி பிரித்தான். "அது உனக்குக் கேக்குமா? கேக்கக் கூடாதுன்னுதானே அங்கயே நின்னு மூச்சு வாங்கிட்டு வர்றேன். நான் இரைச்சுக்கிட்டே உள்ள வந்தா நீ வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவ. பாட்டு கெட்டுடும்."

"கேக்காம? நீங்க நிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கும் மூச்சு நிக்கும். ஏறி வந்துடுவாரான்னு இங்க உக்காந்திருப்பேன். அப்புறம் செருப்புச் சத்தம் மறுபடி கேக்கும். அப்பதான் உயிரே வரும்."

கடையில் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்ன கடை? இரண்டாவது மாடியில் போய் நின்றபோது மேலே மெட்டு ஆரம்பித்தது. ஏறியது, நின்றது. அவ்வளவு நேரமும் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி ஏறியதும்தான் எனக்குக் கால் நகர்ந்தது.

வெள்ளிக்கிழமை எல்லாம் கைமாறியது. நாடகம் நடந்த அன்று முன்வரிசையில் நானும் அண்ணனும். கடைசிக் காட்சியில் அந்தக் கோடு வந்தது. அரங்கமே சத்தமில்லாமல் இருந்தது. பக்கத்தில் பார்த்தால் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து உட்கார்ந்திருக்கிறான். "விடுண்ணே, செத்துத் தொலைக்காதே" என்று இடித்தேன். பேர் போட்ட போஸ்டர் ஒன்றை மடிப்பு விழாமல் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தான். லேபிள் ஒட்டவில்லை.

இப்போதும் அண்ணன் சாயங்காலம் இரண்டாவது மாடியில் நிற்கிறான். செருப்புச் சத்தம் நிற்பது என் கடை வரைக்கும் கேட்கிறது. மேலேயிருந்து அண்ணி குரல் கொடுக்கிறார்.

"என்னங்க, கோடு முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா" என்கிறான் அண்ணன், சத்தமாக மூச்சு வாங்கிக்கொண்டே.