பாம்புக்காதுக்காரரின் மருமகள்

காது மெஷினைக் கழற்றி வீசியவர்களை மறுபடியும் மாட்ட வைப்பதுதான் அவள் வேலை. மருத்துவமனையின் காதுப் பிரிவில், சத்தம் நுழையாதபடி கனத்த கதவு போட்ட சின்ன அறை.

"ஐயா, முதல்ல சத்தத்தைக் கம்மியா வையுங்க. டிவியை அணைச்சுட்டு ஒரே ஆளோட பேசிப் பழகுங்க. அடுப்படிப் பக்கம் போயிடாதீங்க. ஒரு கரண்டி விழுந்தாக்கூட இடி மாதிரி இருக்கும்" என்பாள். முரண்டு பிடித்தவர்கள்கூட அவள் பேச்சுக்கு மசிந்தார்கள்.

அவளுடைய மாமனாருக்கு மட்டும் மெஷின் கிடையாது.

அவர் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்தவர். தொழிலாளிகள் முணுமுணுத்ததையெல்லாம் முதலாளியிடம் ஓதியதால் அவருக்குப் பாம்புக்காது என்று பட்டப்பெயர். வீட்டிலும் அதே பிழைப்புதான். மருமகள் வாய்க்குள் சொன்னதை ஒன்றுக்குப் பத்தாக்கி மகனிடம் போட்டுக்கொடுப்பார். அதற்காகக் கணவன் கையால் அவள் வாங்கிய அறைகள் உண்டு. பிறகு அவர் காது மந்தமானது. அவளுக்கு வாய் முளைத்தது. தட்டை வைக்கும்போது சிரித்த முகமாக, "கொட்டிக்கோ, பீடை. உனக்கொரு சாவு வரலியே" என்பாள். அவரும் சிரித்து, "போதும்மா, நீ சாப்பிடு" என்பார்.

மெஷின் பேச்சு வந்தால், "மாமாவுக்குக் காது நரம்பே செத்துப்போச்சுங்க" என்று கணவனிடம் முடித்துவிடுவாள்.

பேத்தி பேசத் தொடங்கினாள். "அவ தாத்தான்னு கூப்பிடுறது ஒரு தடவை காதுல விழணும்டா" என்று கிழவர் மகனிடம் கெஞ்சினார். மகன் மனைவியிடம் சொல்லாமலே டாக்டரிடம் காட்டி, மெஷினும் வாங்கி வந்துவிட்டான்.

"மெஷின் மாட்டினா நல்லாவே கேக்குமாம். நரம்பு செத்துப்போச்சுன்னியே?"

"அது பழைய டெஸ்ட்டுங்க. நானே பழக்கிவிடுறேன்."

அவன் வேலைக்குப் போனதும் மாமனாரை அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். மெஷினை மாட்டி, சத்தத்தை முழுதாக ஏற்றினாள். மிக்ஸியை ஓடவிட்டு, அடுக்கியிருந்த தட்டுகளைக் கீழே தள்ளினாள். கிழவர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"அப்படித்தான் மாமா இருக்கும்! பழகணும்!"

தினமும் இதே கதை. ஒருநாள் பேத்தி "தாத்தா!" என்று கூவிக்கொண்டு ஓடி வந்தாள். அந்தச் சத்தம் மண்டையைப் பிளக்க, கிழவர் குழந்தையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். அது விழுந்து வீறிட்டது. அவர் மெஷினைப் பிடுங்கி எறிந்தார்.

அன்று மாலை மகன் குதித்தான். "ஊருக்கெல்லாம் மாட்டிவிடுற, எங்கப்பாவுக்கு மட்டும் முடியலியா?"

அவன் கை ஓங்குவதைப் பார்த்துக் கிழவர் குறுக்கே வந்தார். "அவளைத் திட்டாதடா. பாவம், தினமும் என்னோட மல்லுக்கட்டினா. என் காதுதான் தேறல. மெஷினைத் திருப்பிக் கொடுத்துடு."

பேத்தி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, "தாத்தா, தாத்தா" என்றாள். கிழவர் மகனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மருமகள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "கத்தாதடி கண்ணு, தொண்டை கட்டிக்கும். தாத்தாவுக்குக் கேக்காது."