மூன்றாம் தரம் பிடிக்க மறுத்த மகேஸக்கா

மகேஸக்கா போய்விட்டார் என்ற செய்தி ஒரு சனிக்கிழமை காலை எங்கள் பெண்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. அதற்கு மேலே வயிற்றைக் கரைக்கும் தேயிலைக்கு ஒரு விளம்பரம். கீழே அந்தத் தேயிலையைக் குடித்து இடுப்புக் குறைந்த பெண்ணின் இரண்டு படங்கள். நடுவில் எங்கள் அக்கா. கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன, அவை அக்காவுக்கா தேயிலைக்கா என்றே விளங்கவில்லை. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. "உந்தப் படங்களை உடன அழியுங்கோ" என்று எழுதிவிட்டு, அதன் பிறகுதான் அழுதேன்.

ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் சேலை கட்டுகிற பெண்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. உங்களில் பலர் அவர் தைத்த சட்டையோடுதான் மணவறையில் இருந்தீர்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: தன் வீட்டின் பின்னறையில் இரண்டு மெஷின்களை வைத்துக்கொண்டு எங்கள் எல்லோருக்கும் சேலைச் சட்டை தைத்தவர் அவர். "கலியாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு, மெலிஞ்சிடுவன், சின்னனாத் தையுங்கோ" என்று கேட்காத பெண் கிடையாது. அவர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டே சொல்வார்: "மெலிஞ்சு போட்டு வாங்கோ, அப்ப பிடிச்சுத் தாறன். இப்ப மூச்சு விடுற அளவுக்குத் தைக்கிறன்." பிடிப்பது என்றால் ஓரத் தையலை உள்ளே இழுத்துச் சட்டையைச் சிறிதாக்குவது. பெரும்பாலும் யாரும் அதற்காகத் திரும்பிப் போனதில்லை.

நானும் அப்படிக் கேட்டவள்தான். அதைவிட மோசம், நான் விற்றவள். சாப்பாட்டுக்குப் பதிலாகப் பாலில் கரைத்துக் குடிக்கும் மெலிவு மாவுக்கு ஒரு காலத்தில் நான் முகவர். குழுவில் போடுவதற்கு என்னையே படம் எடுத்தேன். "முன்" படத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உம்மென்று நின்றேன். "பின்" படத்தில் உதட்டுச் சாயம், கறுப்புச் சட்டை, ஒரு சிரிப்பு. இரண்டும் ஒரே பின்னேரம், கால் மணித்தியால இடைவெளியில் எடுத்தவை. எடுத்தது என் மகள் ஆரணி. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. "அம்மா, வயித்தை எக்கிப் பிடியுங்கோ" என்று சொல்லிக்கொண்டே எடுத்தாள். ஜேர்மன் மொழியில் விளம்பர வாசகத்தையும் அவளே எழுதித் தந்தாள். பொய்யைச் சமைத்த பிள்ளைக்கு அந்தப் பொய் பிடிபடாமலா போகும் என்று நம்பினேன். பிடிபட்டுத்தான் இருந்தது. தெரிந்திருந்தும் அது அவளுக்குள் இறங்கியது.

அந்தப் படத்தை மகேஸக்காவின் கதவில் ஒட்டக் கேட்டபோது அவர் கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்தார். "தங்கச்சி, உங்களை முதல் வடிவில்லாத ஆளாக்கிப் போட்டுத்தானே மாவை விக்கிறாங்கள். என்ர கதவில இது வேண்டாம்" என்றார். அவருக்கு வியாபாரம் விளங்காது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆரணி விரதம் பிடிக்கத் தொடங்கினாள். முதலில் வெள்ளிக்கிழமை, பிறகு திங்களும் சேர்ந்தது. கந்தசஷ்டி ஆறு நாளும் பால், பழம் மட்டும். சஷ்டி முடிந்த பிறகும் அவள் விரதம் முடியவில்லை. கோயிலில் என்னைச் சுற்றி நின்று, "ஜேர்மனியில பிறந்த பிள்ளை, எவ்வளவு பக்தி பாருங்கோ" என்றார்கள். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. ஊரில் பிறந்த பிள்ளைகளே இறைச்சிக் கடையில் நிற்கிற காலத்தில் என் பிள்ளை பட்டினி கிடந்து சாமி கும்பிடுகிறாளே என்று நானே நாலு பேருக்குச் சொன்னேன். பிள்ளை சாப்பிடாமல் இருந்ததற்காக ஊர் முழுக்க அவளைப் புகழ்ந்தோம்.

என் தம்பியின் கலியாணத்துக்கு ஆரணிக்குச் சட்டை தைத்தோம். போட்டுப் பார்த்தபோது தொளதொளத்தது. அக்கா பிடித்தார். மூன்று கிழமையில் மறுபடியும் தொளதொளத்தது. மறுபடியும் பிடித்தார். மூன்றாம் தரம் போனபோது நல்ல வெயில் காலம், பிள்ளையின் கை ஐஸாகக் குளிர்ந்தது. முதுகில் பூனை மயிர் போல மெல்லிய மயிர் முளைத்திருந்தது. "எப்பிடி, நல்லா மெலிஞ்சிட்டாள் என்ன?" என்று நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அளவு நாடாவைச் சுருட்டி மேசையில் வைத்தார். ஆரணியைத் தேத்தண்ணி போடக் குசினிக்கு அனுப்பிவிட்டு, "இனி நான் பிடிக்க மாட்டன். பிள்ளைக்கு வருத்தம். டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்றார். நான் வெடித்தேன். "நீங்கள்தான் என்ர பிள்ளைக்கு நாவூறு வைக்கிறியள்" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் சட்டையைப் பறித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கண்ணூறு கழிய உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டேன். புகை கிளம்பித் தீ எச்சரிக்கை மணி அலறியது. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்தாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, முழங்கால் வருத்தத்தால் யார் வீட்டுப் படியும் ஏறாத மனுசி எங்கள் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார். தனக்குத் தெரிந்த அரைகுறை ஜேர்மனில் எங்கள் டொக்டருக்குத் தொலைபேசி எடுத்து நேரம் பதிந்திருந்தார். "திங்கள் காலமை எட்டு மணிக்கு டேர்மின் எடுத்திருக்கிறன். நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ. இல்லாட்டி நான் கூட்டிக்கொண்டு போவன்." நான் வாயைத் திறக்க முன்னர் அவர் கதிரையில் இருந்துவிட்டார். "முந்தி ஒரு பிள்ளைக்கு நாலு தரம் பிடிச்சுக் குடுத்தனான். தாய் சந்தோசப்பட்டா, நான் ஒண்டும் சொல்லேல்லை. ஐஞ்சாந்தரம் போட்டுப் பாக்கப் பிள்ளை இல்லை" என்றார். அந்தப் பயம் அன்றைக்கு என் வீட்டுக்குள் வந்தது. இன்னும் போகவில்லை.

திங்கட்கிழமை நானே கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் நாடி பிடித்துப் பார்த்ததும் அம்புலன்ஸைக் கூப்பிட்டார். பிள்ளையின் இதயம் மிகவும் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது. மாதவிலக்கு எப்போது நின்றது என்று கேட்டார்; நின்றதே எனக்கு அப்போதுதான் தெரியும். இன்னும் சில நாட்கள் விட்டிருந்தால் என்று தொடங்கிய டொக்டர் என் முகத்தைப் பார்த்து அந்த வசனத்தை முடிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் உடம்பைப் பற்றியே கதைத்தார்கள். அக்கா மட்டும் தைக்கும் துணியோடு வந்து கட்டிலருகே இருந்து பொத்தான் கட்டினார். ஒருநாள் ஆரணி, "அன்ரி, உண்மையைச் சொல்லுங்கோ, நான் குண்டோ?" என்று கேட்டாள். நான் இல்லை, இல்லை என்று பதறினேன். அக்கா நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "பிள்ளை, நான் ஓம் எண்டாலும் இல்லை எண்டாலும் நீ நம்பப் போறேல்லை. சாப்பாடு வருது, நான் இஞ்ச இருக்கிறன்" என்றார். அன்று பாண் துண்டு ஒன்றைத் தின்ன அவளுக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. அக்கா எழும்பவில்லை.

ஆரணிக்கு இப்போது பத்தொன்பது வயது. லைப்சிக்கில் படிக்கிறாள். அவள் கைத்தொலைபேசியில் மெலிவு விளம்பரங்கள் தினமும் வருகின்றன. வேண்டாம் என்று அமத்தினால் வேறு பெயரில் வருகின்றன. நான் அந்த வியாபாரத்தை விட்டு வருடங்கள் ஆகியும், என் இரண்டு படங்களை வைத்து யாரோ இன்னும் ஏதோ விற்கிறார்கள். எந்தப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ என்று பயப்படுகிறேன்.

மகேஸக்காவின் செத்தவீட்டுக்கு ஆரணி ரயிலேறி வந்தாள். எல்லாம் முடிந்து குளித்துவிட்டுச் சாப்பிட இருந்தபோது ஒரு மாமி அவள் கன்னத்தைத் தடவி, "இப்பதான் பிள்ளை நல்லா உடம்பு வைச்சிருக்கிறாய்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆரணியின் கை தட்டில் நின்றுவிட்டது. முந்தைய நான் என்றால் சிரித்து மழுப்பியிருப்பேன். இடம் பொருள் பார்க்காமல், "மாமி, அவளின்ர உடம்பைப் பற்றி இனி ஒருத்தரும் கதைக்கக் கூடாது" என்றேன். சனம் திரும்பிப் பார்த்தது. பிறகு மகளிடம் நேரே கேட்டேன்: "சாப்பிட ஏலுமோ?"

மகேஸக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது இதைத்தான்: முகம் கோணினாலும் கேட்டுவிடுவது. கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை இருப்பது எவ்வளவு பயங்கரம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஆரணி நெடுநேரம் தட்டையே பார்த்தாள். "இண்டைக்கு ஏலாமல் கிடக்கு அம்மா" என்றாள். "ஆனா நீங்கள் எழும்பாதேங்கோ."

நான் எழும்பவில்லை.