பாதத்தைப் பார்க்க ஓர் ஆள்

குண்டூசி ஏறியது காலையிலா மத்தியானமா என்று ஷாஹுல் ஹமீதுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில், பட்டுப் புடவைகளைப் பிரித்துக் காட்டும் வெள்ளை விரிப்பின் மேல் சிவப்பாய்ப் புள்ளிகள் இருந்தன. எந்த மகராசி குங்குமத்தைச் சிந்திவிட்டுப் போனாளோ என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் துடைத்தார். துடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று முளைத்தது. அடுத்த செக்‌ஷனில் நின்ற நீரஜாதான் கண்டுபிடித்தாள்.

“பாய், புள்ளி உங்க பின்னாடியே வருது பாய். காலைத் தூக்குங்க.”

தூக்கினார். புடவை மடிப்பில் குத்துகிற குண்டூசி ஒன்று, தலை மட்டும் வெளியே தெரிய, குதிகாலுக்குள் முழுசாகப் போயிருந்தது. நீரஜா “ஐயோ” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்கோ ஒன்றுமே இல்லை. யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். பயம் அதற்கப்புறம்தான் வந்தது.

அவருக்கு வயது அறுபத்தொன்று, சர்க்கரை வியாதி வேறு. இருபது வயதில் அந்தக் கடையில் நின்றவர், நின்றுகொண்டே இருந்தார். வேலை செய்கிறவர்கள் உட்கார ஸ்டூல் போடவேண்டும் என்று சட்டம் வந்தது, ஸ்டூலும் வந்தது. அதன் மேல் கட்டைப்பைகள்தான் உட்கார்ந்தன. பேச்சில் அவருக்கு ஈடு கிடையாது. “இந்தக் கலரை எடும்மா, சம்பந்தி வீட்டுல மூக்குமேல விரல வைப்பாங்க” என்பார். வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே கை பாட்டுக்கு ஆறு கெஜத்தையும் மடித்து முடித்திருக்கும்.

ராத்திரி போய்ப் படுப்பது சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில். மனைவி குல்ஷன் மௌத்தாகி மூன்று வருஷம். ஒரே மகள் ஜுவேரியா கல்யாணமாகி ஷார்ஜாவில் இருக்கிறாள். வீட்டில் அவரோடு பேசுவது டிவி ஒன்றுதான், அதுவும் இவர் சொல்வதைக் கேட்காது. அதனால் லீவு நாளில்கூடக் கடைக்கு வந்து நின்றுவிடுவார். வேலைப் பைத்தியம் என்றார்கள். அட, வேலையாவது மண்ணாவது! மனுஷருக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மேனேஜர் சுப்பராமன் கெட்டவர் இல்லை. “டாக்டராண்ட லெட்டர் வாங்கினு வாங்க பாய்,” என்றார். “நிக்கலாம்னு எழுதிக் குடுத்தா மாடியிலயே நில்லுங்க. இல்லேன்னா கீழ பார்சல் ரூம்ல உக்காந்து விலைச்சீட்டு ஒட்டலாம். சம்பளம் அதேதான்.”

பார்சல் ரூம் தரைக்குக் கீழே, சன்னல் இல்லாமல் இருந்தது. அங்கே ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்காது. நாற்பது வருஷம் ஜனத்துக்கு நடுவில் நின்றவரை அங்கே கொண்டுபோய் வைப்பதா? எப்படியாவது ‘நிக்கலாம்’ என்று எழுதி வாங்கிவிட வேண்டும் என்ற ஒரே முடிவோடுதான் மயிலாப்பூரில் இருந்த சர்க்கரை நோய் கிளினிக்குக்குப் போனார்.

அங்கே கால்களைச் சோதிக்கிறவள் ஜோதிலட்சுமி. கையில் ஒரு குச்சி, அதன் நுனியில் நைலான் இழை.

“கண்ண மூடிக்கோங்க பாய். நான் ‘இப்போ’ம்பேன். பாதத்துல எதுனா பட்டா ‘தெரியுது’ன்னு சொல்லணும். படலேன்னா சும்மா இருங்க.”

“சரிம்மா.”

“இப்போ.”

“தெரியுது.”

“இப்போ.”

“தெரியுது.”

ஐந்து தடவையும் சரியாகச் சொன்னார். ஒரு தடவைகூட அவர் பாதத்துக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்பதுதான் நிஜம். வாடிக்கையாளரின் குரலை வைத்தே மனசைக் கணக்குப் போட்டவருக்கு இது ஒரு பெரிய வித்தையா?

“இப்போ.”

“நல்லாவே தெரியுதும்மா.”

அடுத்த ‘இப்போ’ வராமல் போகவே கண்ணைத் திறந்தார். ஜோதிலட்சுமி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். குச்சி மேசைமேல் கிடந்தது.

“நான் தொடவே இல்லையே, பாய்.”

அவருக்கு மானமே போய்விட்டது. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

“முதுகாண்டலேர்ந்து கட்டைவிரல் வரைக்கும் ஒரே நரம்பு செல்லு நீட்டிக்கினு போவுது பாய். ஒடம்புலயே நீளமான கம்பி அதான். அடியில குத்துனா அது வழியா கரண்ட் மாதிரி ஒண்ணு மேல ஏறும். முதுகுல அடுத்த செல்லாண்ட வந்ததும், நடுவுல கீற சந்துல துளி ரசாயனத்த விட்டு சேதியக் கைமாத்திடும். அது உடனே காலை இழுன்னு தசைக்குச் சொல்லும், மூளைக்கும் சொல்லும். நீங்க ஆன்னு கத்தறதுக்குள்ள கால் தூக்கிக்கும். சக்கரை இன்னா பண்ணுதுன்னா, ரொம்ப தூரத்துல கீற நுனியத்தான் மொதல்ல அரிக்குது.”

“சேதி வர்லன்னு மூளைக்குத் தெரியாதாம்மா?”

“அதான் பாய் கொடுமையே. சேதி வர்லன்னா கால் சௌக்கியமா கீதுன்னு நெனச்சிக்கினு அது பாட்டுக்கு இருந்துரும்.” அவர் குதிகாலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “டெய்லி காலையில யாராச்சும் பாதத்தைப் பாக்கணும். சின்னப் புண்ணை விட்டாலும் விரல் போயிடும், அப்புறம் காலே போயிடும். வீட்டுல ஆள் கீறாங்கல்ல?”

“கீறாங்கம்மா,” என்றார். ஒரு பொய்க்குப் பிடிபட்டு அரை மணி ஆகவில்லை, அதற்குள் அடுத்தது!

டாக்டர் எழுதிய லெட்டர் அவரைப் பார்சல் ரூமுக்கே அனுப்பியது. அங்கே சில நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் வாயிலிருந்து வந்தது “ம்” ஒன்றுதான். மேலே நீரஜா யாருக்கோ புடவை விரிக்கும் சத்தம்கூடக் கேட்காது.

பாதத்தைப் பார்க்காமல் இல்லை, பார்க்க முயன்றார். குல்ஷன் கண்ணுக்குச் சுர்மா இட்டுக்கொள்ளும் கைக்கண்ணாடியை எடுத்துத் தரையில் வைத்தார். முட்டி மடங்கவில்லை. கஷ்டப்பட்டு மடக்கியபோது கண் மங்கலாகக் காட்டியது. காலை நீட்டி இன்னொருவர் முகத்துக்கு நேரே பாதத்தைக் காட்டுவது மரியாதையில்லை என்று வளர்ந்த மனுஷர். அவள் முகம் பார்த்த கண்ணாடியில் போய்ப் பாதத்தையா? சட்டென்று துடைத்து அலமாரியில் வைத்துவிட்டார். மறுநாள் எடுக்கவில்லை, அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. ஒன்றும் இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கால்தான் வலிக்கவில்லையே!

ஜுவேரியா தினமும் காலை எட்டு மணிக்கு வீடியோவில் வருவாள். “நல்லாருக்கீங்களா அத்தா?” என்பாள். “நல்லாருக்கேம்மா” என்பார். பேரப்பிள்ளைகள் இரண்டும் வந்து எட்டிப் பார்க்கும், பள்ளிக்கூட வேன் வந்துவிடும், முடிந்தது. மூன்று வருஷமாக ஒரு எழுத்து மாறவில்லை. குண்டூசியைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. பார்சல் ரூமைப் பற்றியும் சொல்லவில்லை. அங்கே அவளுக்கு ஆயிரம் வேலை, இதுவேறு எதற்கு?

அன்றும் டீ டம்ளரில் போனைச் சாய்த்து வைத்திருந்தார். அவள் முகம் வந்தது. அவள் வேறு பக்கம் திரும்பிச் சின்னதுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

“நல்லாருக்கேம்மா,” என்றார். “ஒரு குறையும் இல்ல.”

ஜுவேரியா நிமிர்ந்தாள். “அத்தா, நான் இன்னும் கேக்கவே இல்லையே.”

சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஜோதிலட்சுமி அவர் கண்முன் வந்தாள். மகள் “என்னத்தா? என்னாச்சு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் போனைக் கையில் எடுத்தார். இடது காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்து, பாதத்துக்கு நேரே போனைப் பிடித்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இத கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா. எனக்கு ஒண்ணும் தெரியல.”

அவள் திரையை நெருங்கிப் பார்த்தாள். வேன் ஹாரன் அடித்தது. அவள் போகவில்லை.

“அத்தா, கட்டைவிரலுக்குக் கீழ கறுப்பா, குழியா ஒண்ணு இருக்கு. எத்தன நாளா இருக்கு?”

“தெரியாதும்மா,” என்றார். அவ்வளவுதான், அழுகை வந்துவிட்டது. குல்ஷன் போன அன்றைக்குக்கூட அவர் அப்படி அழுததில்லை.

“போனை ஆட்டாதீங்க அத்தா,” என்றாள் ஜுவேரியா. “நேராப் புடிங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”