கெலா மீனுக்குக் கட்டிய படி

தப்... தப்... தப்...

மலேசியாவில் கெர்லிங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், ஆற்றில் யாரோ துணி துவைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் மீன்! மழைக்காலத்தில் முட்டையிட மேலே போகிற கெலா மீன்கள், தண்ணீர் பம்புக்காக ஆற்றின் குறுக்கே கட்டிய மூன்றடிச் சுவரில் எகிறி எகிறி மோதிக்கொண்டிருந்தன. எண்பதுகளின் தொடக்கம் அது.

என் வீட்டுக்காரருக்குப் பம்பு ஹவுஸில் வேலை. நாளெல்லாம் அந்தச் சத்தம்தான் அவர் காதில்.

"நாமதானே புள்ள வழிய அடைச்சோம்" என்பார்.

லீவு நாட்களில் ஆற்றுக்கல்லும் மிச்ச சிமெண்டும் வைத்துச் சுவரோரம் படி கட்டினார். தண்ணீர் பாய்ந்த வேகத்தில் மீன்கள் திரும்பிவிட்டன. பிரித்தார். மறுபடி கட்டினார். ஒரு சாண் உயரத்துக்கு ஒரு படி, படிக்கு ஒரு குட்டை. தண்ணீர் இறங்கும் வாய் ஒன்றில் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம். ரப்பர் இலையை மிதக்கவிட்டுப் பார்ப்பார்.

"எல சுத்திக்கிட்டு நின்னா, மீனும் நின்னு மூச்சு வாங்கும்."

"எனக்கொரு அடுப்பு மேடை கட்டத் துப்பில்ல. மீனுக்கு மாடிப்படியா?" என்றேன். சிரித்தார்.

அடுத்த மழையில் கெலா ஏறியது. சத்தம் நின்றது. அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்...

பத்து நாள் கழித்து, எஸ்டேட்டில் ஆட்களை மேய்க்கிற மண்டோர் ஒரு பெரிய மீன் கொடுத்தனுப்பினான். வயிறு நிறையச் சினை. மசாலா அரைத்துக் குழம்பு வைத்தேன். தட்டில் சினையைப் பார்த்ததும் இவர் கை நின்றுவிட்டது.

"எங்க புடிச்சாராம்?"

"ஒங்க படியிலதான். நீங்க வேல விட்டு வந்ததும் மேல் வாயில பூபு வச்சிருவாராம், அந்த மூங்கில் மீன் கூடைய. மீனு தானா வந்து விழுதாம்."

எழுந்து போய் மண்டோரிடம் கேட்டார்.

"ஆறு என்ன ஒங்கப்பன் வீட்டுதா லா? படி கட்டுனது நீ, கூடைய வச்சது நான்!" லயத்து வீடெல்லாம் கேட்கக் கத்தினான்.

இவர் திரும்பி வந்தார். கடப்பாரையை எடுத்துப் போய், கட்டிய கையாலேயே இடித்தார்.

மறுபடியும் தப்... தப்... சில வருஷத்தில் அதுவும் நின்றுபோனது. மோதுவதற்கு மீன் இல்லை.

இவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. போன வாரம் மகள் போனில் ஒரு படம் காட்டினாள். ஏதோ ஊரில் மீன் ஏறுவதற்கென்றே படியாம், இன்ஜினியர்கள் வரைந்ததாம். அதே குட்டை, அதே இடம் வலம்... மேலே மட்டும் ஒரு கம்பி வேலி, மீன் பிடிக்கக் கூடாது என்று ஒரு போர்டு. அதைக் கட்ட இவருக்குத் தோன்றவில்லை.

மண்டோர் சாவுக்கு நான் போகவில்லை. என்றைக்கும் அவனை மன்னிக்க மாட்டேன்.

ஆனால் அன்று இவர் கடப்பாரையோடு போனபின், குழம்பு வீணாகுமே என்று உட்கார்ந்து சாப்பிட்டது நான்தான்.

ருசியாகத்தான் இருந்தது.