பாலத்துக்கு வடக்கே ராஜா யார்

வெள்ளைக்காரன் எங்களுக்குச் சுதந்திரம் கொடுத்தபோது பாதிதான் கொடுத்தான். காவேரிக்கு வடக்கே ஸ்ரீரங்கம் எங்களுக்கு. தெற்கே திருச்சி, ரயிலும் பட்டாளமும் இருந்ததால், அவனுக்கே. ஐம்பதுகள் முழுக்க அப்படித்தான் ஓடியது. மாம்பழச்சாலையில் நாங்கள் சுதந்திரமாக இருந்தோம். கத்தரிக்காய் வாங்கப் பாலம் தாண்டினால் அடிமை. காயோடு திரும்பினால் மறுபடி சுதந்திரம்.

மகளை அந்தக் கரையில் கட்டிக் கொடுத்திருந்தேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்களில் மாறாத வழக்கம். அழைத்து வர ஜட்கா வண்டியோடு போனேன். திரும்பும்போது பாலத்துச் சாவடியில் மறித்துவிட்டார்கள். வயிற்றில் இருப்பது அவர்கள் ராணியின் குடியாம். எங்கள் பக்கம் வந்து பிறந்தால் எந்த ராஜாவின் குடி என்று எழுதியாக வேண்டுமாம். எங்களுக்குத்தான் ராஜாவே கிடையாதே. ராஜா பெயர் இல்லையென்றால் வண்டியைத் திருப்ப வேண்டியதுதான் என்றார் சிப்பாய். மகளுக்கு இடுப்பு வலி தொடங்கியிருந்தது.

சாவடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரத் துரை, படித்துக் கற்ற தமிழில், ராஜா யார் என்று மரியாதையாகத்தான் கேட்டார். நாதியற்ற ஊர் என்று என் வாயால் சொல்ல மனசு வரவில்லை.

"எங்களுக்கா ராஜா இல்லை? ரங்கராஜா இருக்காருங்க."

எழுதிக்கொண்டார். இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

"கோயில்லதான். படுத்திருக்காரு."

"உடல்நலம் இல்லையா?"

"எனக்குத் தெரிஞ்ச நாளா படுக்கைதாங்க."

சிப்பாய் திருச்சிக்காரர். பள்ளிகொண்ட பெருமாளை அவருக்குத் தெரியாதா? மீசையைத் தடவிக்கொண்டு காவேரியைப் பார்த்தபடி சொன்னார்: "எழுந்து உட்கார்ந்துகூட யாரும் பார்த்ததில்லைங்க சார்."

துரைக்கு முகம் வாடிவிட்டது. உடனே கையெழுத்துப் போட்டார். மேஜை மேல் இருந்த ஆப்பிள்களை ஒரு பையில் போட்டு, ராஜாவுக்கு என்று என்னிடம் கொடுத்தார்.

பேரன் ஸ்ரீரங்கத்தில் பிறந்தான். பெருமாளுக்கு ஆப்பிள் அமுது செய்விக்கும் வழக்கம் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கோ பத்தியம். வேறு வழியில்லாமல் நானே தின்றேன்.

அறுபதுகளில் திருச்சியையும் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். சாவடியைப் பிரிக்கும் அன்று பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு பாலத்தில் நடந்தேன். துரை அடையாளம் கண்டுகொண்டார். ராஜா எழுந்துவிட்டாரா என்று கேட்டார்.

"இன்னும் இல்லீங்க" என்றேன். "நீங்க கவலைப்படாம போயிட்டு வாங்க. அவரு படுத்துக்கிட்டே பாத்துக்குவாரு."