சந்தனப் பொட்டு வைத்த இயந்திரம்

பல வருடம் நான் கையால் செய்த வேலையை ஒரு இயந்திரம் பிடுங்கிக்கொண்டது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. அமரவிளையிலிருந்து பஸ் பிடித்துத் திருவனந்தபுரத்துத் தடயவியல் ஆய்வகத்துக்குப் போய், நாள் முழுக்கத் துளித்துளியாய் மருந்து எடுக்கும் பிப்பெட்டை அழுத்திப் பெருவிரல் மரத்துப்போனவர்களுக்குத்தான் அந்த நிம்மதி தெரியும்.

டிஎன்ஏவின் மேல் வயது ஏற ஏற மாறும் சில குறிகள் உண்டு. ரத்தக்கறையில் அவற்றைப் படித்தால் ஆளின் வயதை ஏறத்தாழச் சொல்லலாம். அதற்குமுன் டிஎன்ஏவை ஒரு மருந்தில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். ஊறல் கூடினால் எல்லாம் சிதைந்துபோகும். இந்த வேலையைத்தான் இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

நெய்யாற்றின் கரையில் கிடைத்த ஒரு சட்டையின் கறை எங்களிடம் வந்தது. அது யாருடையதோ என்ற பயம் எங்கள் தெரு முழுக்க இருந்தது. பக்கத்து வீட்டுச் சித்தியின் மகன் காணாமல் போயிருந்தான், இருபது தாண்டியவன். சித்தி அவனைக் கைக்குழந்தையாக எடுத்து வளர்த்தவள், பெற்றவள் அல்ல. அதனால் அவள் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை. அவன் துணி, சீப்பு எல்லாவற்றையும், வந்துவிடுவான் என்று கழுவி அடுக்கிவிட்டாள்; ஒப்பிட அவனுடைய முடிகூட மிஞ்சவில்லை. வயது ஒன்றுதான் மிச்சம்.

தெரிந்தவர் வழக்கு, விலகிக்கொள்கிறேன் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். இயந்திரம்தானே செய்கிறது, உங்கள் கை எங்கே படுகிறது என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை அந்தக் கறையை இயந்திரத்தில் ஓட்டினோம். ஊறல் முடியும் நேரத்தில், டிஎன்ஏ ஊறும் சின்னக் குழாயைக் காணோம் என்று இயந்திரம் நின்றுவிட்டது. குழாய் கண்முன்னே இருந்தது. குனிந்து பார்த்தேன். குழாயைப் பார்க்கும் சென்சாரின் மேல் சந்தனம், நடுவில் குங்குமம்.

"எல்லா மெஷினுக்கும் வச்சேன் சேச்சி. இதுக்கு மட்டும் வைக்காம விட்டா தோஷமாக்கும்" என்றார், குன்னத்துகாலிலிருந்து வரும் உதவியாளர்.

"நெத்தி எது, கண்ணு எதுண்ணு பாத்து வச்சிருக்கப்பிடாதா?"

துடைத்தேன். முதலிலிருந்து தொடங்கவா என்று இயந்திரம் கேட்டது. தொடங்க வேறு கறை இல்லை. ஊறல் நேரமோ கூடிக்கொண்டே போனது. மேலதிகாரி தலையசைத்ததும் குழாயை வெளியே எடுத்து, மீதியைக் கையாலேயே கழுவி முடித்தேன். அப்படியே அறிக்கையிலும் எழுதினேன்.

ஆள் ஐம்பதை ஒட்டியவர் என்று முடிவு வந்தது. போலீஸ் சொன்ன அன்றே சித்தி என் வீட்டுக்கு வந்தாள்.

"எனக்க மவன் இல்லண்ணு ஸ்டேஷன்ல சொன்னாவ. உள்ளதா மக்கா?"

"உள்ளதாக்கும் சித்தி."

படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்போ அந்த ஆளுக்க வீட்டில சொல்லியாச்சா?" என்றாள்.

"அவரைத் தேடி இதுவரை யாரும் வரல்ல."

ஞாயிறு எங்கள் சர்ச் ஆராதனையில் ஜெப விண்ணப்பங்களை வாசித்தார்கள். சித்தியின் மகன் பெயர் வழக்கம்போல் வந்தது. அதன்பின், பெயர் தெரியாத ஒருவர், வயது ஐம்பதை ஒட்டியவர் என்று வாசித்தார்கள். நான் அறிக்கையில் எழுதிய அதே சொற்கள். எழுதிக் கொடுத்த சித்தியின் பக்கம் திரும்பி, நானும் ஆமென் சொன்னேன்.