அம்மா முன்கூட்டியே சொன்ன நன்றி

ஆண்டவர் எங்கள் வீட்டில் செய்ததை உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. என் பெயர் ரூபி. ஊர் தென்னேரி. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை பார்க்கிறார்.

சென்ற ஜனவரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கடைசி செமஸ்டர் தொடங்கியது. சோதனையும் அதோடு சேர்ந்தே தொடங்கியது. காலையில் லேப், மதியம் ப்ராஜெக்ட். பட்டு நூலில் ஏற்றிய சாயம் எத்தனை அலசலுக்குத் தாங்கும் என்பதுதான் என் ப்ராஜெக்ட். இதற்கு நடுவில் இன்டர்வியூ. ஒரு நாள் ஒரகடம், ஒரு நாள் கிண்டி. போகும்போது பஸ்ஸில் படிப்பேன். வரும்போது அழுவேன். போன இடத்தில் எல்லாம், "கோர்ஸ் முடிச்சிட்டு வாம்மா" என்றார்கள். காலேஜில் மேடம், "இப்படியே லேபுக்கு வராம இருந்தா எக்ஸாம் எழுத விடமாட்டாங்க, பாத்துக்கோ" என்றார். ஆண்டவரே, இரண்டில் ஒன்றையாவது உருப்படியாகச் செய்ய விடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பதில் வருவதாகத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் பாஸ்டர் ஒரு செய்தி கொடுத்தார். கேட்டது கைக்கு வருவதற்கு முன்பே நன்றி சொல்ல வேண்டும், அதுதான் விசுவாசம் என்றார். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஞாயிறு ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்ததும் முதல் ஆளாக எழுந்து, "எம் பொண்ணுக்கு நல்ல வேலை குடுத்த ஏசப்பாவுக்குக் கோடி ஸ்தோத்திரம்" என்றார்.

அம்மா விசுவாசத்தில் சொன்னார். சபையார் வேலை கிடைத்தே விட்டது என்று எடுத்துக்கொண்டு கை தட்டினார்கள். எங்கள் சபையில் யாருக்காவது வேலை கிடைத்தால் அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் கேசரி கொடுப்பது வழக்கம். வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "எந்தக் கம்பெனிமா? கேசரி எப்போ? முந்திரி நெறைய போடணும், சொல்லிட்டேன்." நான் பல்லைக் காட்டிச் சமாளித்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பாய்ந்தேன். "வராத வேலைக்கு இன்னாத்துக்குமா சாட்சி சொன்ன?"

"வரும்னுதான்டி சொன்னேன். ஏசப்பா காதுல போட்டாச்சு. அவரு பாத்துப்பாரு."

"சபைல எல்லாரும் கேட்டுக்கினு இருக்காங்களே, அவங்களுக்கு இன்னா சொல்றது?"

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். அப்பாதான் மெதுவாக, "ரவை வாங்கி வெக்கட்டுமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து வந்த ஞாயிறுகளில் தலைவலி, ப்ராஜெக்ட் என்று சாக்குச் சொல்லி ஆராதனைக்குப் போகாமல் இருந்தேன். ஜெபிக்கவும் வெட்கமாக இருந்தது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து போன் வந்தது. வேலை உண்டு, ஆனால் திங்கட்கிழமையே சேர வேண்டும், பரீட்சைக்கெல்லாம் லீவு கிடையாது என்றார்கள். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சேர்ந்தால் அம்மாவின் வார்த்தை பிழைக்கும். என் டிகிரி போய்விடும். சேராவிட்டால் அம்மா சபை நடுவில் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். அன்று வேலை கொடுங்கள் என்று கேட்கவில்லை. எது சரியோ அதைச் செய்ய எனக்குத் தைரியம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். அழுது முடித்தபோது மனசு லேசாக இருந்தது. போன் செய்து, வரமுடியாது என்று சொன்னேன்.

மறுநாள் சாட்சி நேரத்தில் நானே எழுந்தேன். "அம்மா விசுவாசத்துல சொன்னாங்க. எனக்கு இன்னும் வேலை கெடைக்கல. வந்த ஒண்ணையும் நேத்து வேணாம்னுட்டேன். கெமிஸ்ட்ரி கடைசி செமஸ்டர் முடிக்கணும். ரெண்டையும் இழுக்க முடியல. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

யாரும் கை தட்டவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெற்ற தாயைத் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று நெஞ்சு வலித்தது.

ஆராதனை முடிந்ததும் சுகந்தி அக்கா என் கையைப் பிடித்தார். எப்போதும் கடைசி வரிசையில் உட்காருவார். வாலாஜாபாத் பக்கம் சாயப்பட்டறைத் தண்ணீரைப் பரிசோதிக்கிற ஒரு லேபில் வேலை பார்க்கிறார். அதுவரை எனக்கு அது தெரியாது.

"ஏம்மா, எங்க லேப்ல பொங்கல்லேர்ந்து ஆள் தேடிக்கினு இருக்காங்க. உங்கிட்ட கேக்கலாம்னு அன்னைக்கே வந்தேன். அதுக்குள்ள உங்கம்மா வேலை கெடச்சிடுச்சின்னாங்க. சரி, நல்லாருக்கட்டும்னு பேசாம போயிட்டேன்."

நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரமே லேபில் கூப்பிட்டார்கள். என் ப்ராஜெக்ட் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். பரீட்சை முடித்துவிட்டுச் சேர்ந்தால் போதும், அதுவரை சனிக்கிழமைகளில் வந்து பழகிக்கொள் என்றார்கள். ஒரு லேப் வகுப்பும் அதற்குப் பிறகு விடவில்லை. எல்லாப் பேப்பரும் எழுதினேன். ஜூனில் வேலையில் சேர்ந்தேன்.

அந்த ஞாயிறு கேசரி கிண்டினோம், முந்திரி நிறையப் போட்டே. சாட்சி நேரத்தில் அம்மா எழுந்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். "அன்னைக்குச் சொன்னதேதான். இப்போ வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சபை முழுக்கச் சிரித்தது. பாஸ்டரும்தான்.

அம்மா சொன்னது தப்பா என்று இன்றும் யோசிக்கிறேன். ஆண்டவர் அவர் நன்றியைத் தள்ளவில்லை. என் உண்மைக்கும் காத்திருந்தார். இப்போது நான் ஜெபிக்கும் விதமே மாறிவிட்டது. படித்துக்கொண்டே வேலை தேடி அலைகிற தம்பி தங்கைகளே, நம்பிக்கையோடு முன்கூட்டியே நன்றி சொல்லுங்கள். கூடவே, இன்னும் வரவில்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் கடைசி வரிசையில் ஆண்டவர் யாரை உட்கார வைத்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும்.